வலது பின்னங்கால், வெளிக்குளம்பு

மாட்டின் கால் விஷயத்தில் என்னோடு யாரும் வாதாட வேண்டாம். வயிறு, சினை, மடி இவற்றிலெல்லாம் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். கால் என்றால் நான்தான். திருவண்ணாமலையைச் சுற்றியிருக்கும் கால்நடை மருந்தகங்களில் மாறி மாறி வேலை பார்த்தே பாதி ஆயுள் போய்விட்டது. ஒரு மாடு வாசலைத் தாண்டி உள்ளே வருவதற்குள் எந்தக் காலில் கோளாறு என்று சொல்லிவிடுவேன். என் கணவர் இதைத் தற்பெருமை என்பார். பெருமைதான். இல்லாததையா சொல்லிக்கொள்கிறேன்?

இதைச் சொல்லி ஆரம்பிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அடி அண்ணாமலையில் ஒரு செவலைப் பசு இருந்தது. அதன் சொந்தக்காரி என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். நான் அக்கா என்பேன், அவள் டாக்டரம்மா என்பாள். புருஷன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. வீட்டில் அவளும் பசுவும் கன்றும்தான்.

அந்தப் பசுவுக்கு இரண்டு உத்தியோகம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையின் ஓரத்தில் நிற்பது முதல் உத்தியோகம். பக்கத்தில் அகத்திக்கீரைக் கட்டுகளை அடுக்கிக்கொண்டு அக்கா உட்கார்ந்திருப்பாள். மலையைச் சுற்றி வருகிறவர்கள் கீரை வாங்கிப் பசுவுக்குக் கொடுத்து, முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். கீரையோடு விட்டால் பரவாயில்லை. வாழைப்பழம் சீப்புச் சீப்பாக வரும். அன்னதானத்தில் மிஞ்சிய பொங்கல் வரும், புளியோதரை வரும். ஒருமுறை லட்டைக்கூடப் பார்த்தேன். மத்தியானம் நிற்க ஆரம்பித்தால் மறுநாள் வெயில் ஏறும்வரை அந்தத் தார் ரோட்டில்தான் நிற்கும். புண்ணியம் அவர்களுக்கு, புளிப்பு மாட்டின் வயிற்றுக்கு. அந்தப் புளிப்பு வயிற்றோடு நிற்காது. ரத்தத்தில் இறங்கிக் குளம்பைப் பிடிக்கும். உள்ளே குளம்பு நொந்துபோயிருக்கும்போது வெளியே கெட்டித் தரையில் மணிக்கணக்காக நின்றால் அடிப்பாதம் புண்ணாகாமல் என்ன செய்யும்? இதை நான் அந்தப் பாதையில் எத்தனையோ பேரிடம் கத்தியிருக்கிறேன். பக்தி இருக்கும் இடத்தில் டாக்டர் பேச்சு எடுபடாது.

இரண்டாவது உத்தியோகம் கிரகப்பிரவேசம். வேங்கிக்கால் பக்கம் கலெக்டர் ஆபீஸைத் தாண்டி நாளுக்கொரு வீடு எழும்புகிறது. புது வீட்டில் முதலில் பசுவும் கன்றும் நுழைய வேண்டும், அதற்குப் பிறகுதான் மனிதர்கள். அந்தப் பசுவுக்கு ஒரு பழுதும் இருக்கக்கூடாது என்பது வழக்கம். கொம்பு உடைந்திருக்கக்கூடாது, வால் அறுந்திருக்கக்கூடாது, குளம்பு எட்டும் ஒழுங்காக இருக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் பெண் பார்ப்பதுபோல் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார்கள். அரசாங்கத்துக்காக நான் காதில் குத்திய மஞ்சள் வில்லையைக்கூட ஒருவர் குறை சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அக்கா அந்தக் காதை மறைக்கிற மாதிரி சாமந்திச் சரம் கட்டிவிடுவாள்.

கூலியைவிட அவளுக்கு இதில் வேறொரு ருசி இருந்தது. பசுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளும் கூடவே உள்ளே போவாள். வீட்டுக்காரர் கால் வைப்பதற்கு முன்னால் அவள் கால் வைத்துவிடுவாள். வேங்கிக்காலில் பாதி வீடுகளின் ஹால், சமையலறை, பூஜை அறை எல்லாம் அவளுக்கு அத்துப்படி. யார் வீட்டில் மாடிப்படி இருட்டு, யார் வீட்டு அடுப்பு மூலை தப்பு, யார் வழவழவென்று டைல்ஸ் போட்டுப் பசுவை வழுக்கிவிடப் பார்த்தார்கள் என்று எனக்கு வரிசையாகச் சொல்வாள். மற்ற நாட்களில் அந்த வீடுகளின் கேட்டுக்கு வெளியே நிறுத்தித்தான் அவளோடு பேசுவார்கள். இதை அவள் குறையாகச் சொன்னதில்லை. நானாகக் கவனித்ததுதான்.

அப்படி ஒரு வீட்டிலிருந்து திரும்பிய காலையில்தான் எனக்கு போன் செய்தாள். மாடு வலது பின்னங்காலைத் தாங்கித் தாங்கி வைக்கிறது, சீக்கிரம் வாருங்கள் என்றாள். எனக்கு அன்று கோமாரித் தடுப்பூசி முகாம். போகிற வழிதானே என்று ஸ்கூட்டரை அவள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். பசு கல்யாணப் பெண் மாதிரி நின்றது. நெற்றியில் குங்குமம், கொம்பில் பூ. நாலு காலிலும் மஞ்சள் பூசி, ஒவ்வொரு குளம்பிலும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். வலது பின்னங்காலில் குளம்புக்கு மேலே, பின்பக்கம், லேசான வீக்கம். விரலால் ஒரு அழுத்து அழுத்தினேன். சூடாக இருந்தது. குளம்பு நோய்தான், எத்தனை பார்த்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

காலைத் தூக்கி அடிப்பாதத்தைப் பார்க்கவில்லை. தூக்குவதென்றால் உத்தரத்தில் கயிறு போட்டுக் கட்ட வேண்டும், கால் மணி நேரம் ஆகும். முகாமில் ஆட்கள் மாட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு ஆன்டிபயாடிக் ஊசி, ஒரு வலி ஊசி. மிச்ச ஊசிகளை மருந்தகத்திலிருந்து ஆள் வந்து போடுவார், நாலு நாளில் மாடு ஓடும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

நாலு நாள்கூட ஆகவில்லை, மறுநாளே நன்றாக நடந்தது. வலி தெரியாவிட்டால் எந்த மாடும் நடக்கும். அந்த வாரமே பௌர்ணமி. மாடுதான் நடக்கிறதே என்று அக்கா வழக்கம்போலப் பாதைக்கு ஓட்டிப் போய் நிறுத்தினாள். பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள் மறுபடியும் போன். இந்தத் தடவை பசு காலைத் தரையில் வைக்கவே இல்லை. கால் மூங்கில் குருத்து மாதிரி கணுவரைக்கும் வீங்கியிருந்தது. தீனி தொடவில்லை, உடம்பு அனலாகக் கொதித்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அக்கம்பக்கத்தார் பார்க்கப் பார்க்க அவளை வாங்கு வாங்கென்று வாங்கினேன். நோய்ப்பட்ட மாட்டைத் தார் ரோட்டில் நிறுத்துவார்களா, வாயில்லா ஜீவனை வைத்து இப்படியா பிழைப்பார்கள், இந்தக் கால் போனால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு என்று என்னென்னவோ சொன்னேன். யாரிடமும் வாய் குறையாத பெண், அன்று தலையைக் குனிந்துகொண்டு பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள்.

திட்டி முடித்த பிறகு கொட்டகை உத்தரத்தில் கயிறு போட்டுக் காலைத் தூக்கிக் கட்டினேன். தண்ணீர் ஊற்றித் தேய்த்து, குளம்புக் கத்தியால் வெளிக்குளம்பின் அடியைச் சீவினேன். குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. இன்னும் சீவினேன். புள்ளி ஓட்டையாயிற்று. ஓட்டைக்குள் விட்ட கம்பி மேல்நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. சீழ் நாற்றம் கொட்டகையை நிறைத்தது.

அந்த ஓட்டை மூன்று நாளில் வந்ததல்ல. விளிம்பு கறுத்து, சுற்றிலும் குளம்பு தடித்து வளர்ந்திருந்தது. ஒரு மாதமாவது ஆகியிருக்கும். நான் முதல் நாள் வந்தபோது அது அங்கேதான் இருந்தது. காலைத் தூக்கியிருந்தால் என் கண்ணில் பட்டிருக்கும். அன்றே சீவிச் சுத்தம் செய்து, மாட்டை நிற்க வைக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. தும்பை விட்டு வாலைப் பிடித்தவள் நான். பழியை முழுக்க அவள் தலையில் கொட்டியவளும் நான்தான். உடனே வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் முன்னால் ஊருக்கே கேட்கப் பேசிய வாய், அப்போது ஒட்டிக்கொண்டது. எனக்கு வெட்கமாக இருந்தது.

மாட்டின் காலில் பின்பக்கமாக ஒரு பெரிய நாண் இறங்கிக் குளம்புக்குள் போய்ச் சேருகிறது. ஜனங்கள் அதைக் குதிநரம்பு என்பார்கள். சைக்கிள் பிரேக் கம்பி ஒரு குழாய்க்குள் ஓடுகிறதல்லவா, அதுபோல இந்த நாண் ஒரு உறைக்குள் ஓடுகிறது. அடிப்பாதத்துப் புண் புரையோடி அந்த உறைக்குள் புகுந்துவிட்டால், சீழ் மேலே கணுவரை ஏறிவிடும். வெளியே வர அதற்கு வழியில்லை. ஊசியில் போகும் மருந்தும் அதற்குள் சரியாகப் போய்ச் சேராது. அந்தப் பசுவுக்கு நடந்தது இதுதான்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. கெட்டுப்போன குளம்பை விரலோடு எடுத்துவிடுவது சுலபம். மாட்டுக்குக் காலுக்கு இரண்டு குளம்பு. ஒன்றை எடுத்தாலும் மற்றதில் நடக்கும், பத்துப் பதினைந்து நாளில் தேறிவிடும். உறையைத் திறந்து கழுவிக் குளம்பைக் காப்பாற்றுவது கஷ்டம். தினமும் வந்து பார்க்க வேண்டும். தோற்றுப்போகவும் கூடும். நான் முதல் வழியைத்தான் சொன்னேன்.

அக்கா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "குளம்பு போச்சுன்னா எவன் டாக்டரம்மா இத வூட்டுக்குள்ள வுடுவான்? இது உள்ள போனாத்தான நான் பின்னாடியே போவேன்" என்றாள். அழவில்லை, கெஞ்சவில்லை. விஷயத்தைச் சொன்னாள், அவ்வளவுதான்.

பக்கத்து மூட்டில் சீழ் இறங்கியிருந்தால் அவள் என்ன சொன்னாலும் குளம்பை எடுத்துத்தான் ஆக வேண்டும். மூட்டுக்குள் ஊசி விட்டு இழுத்துப் பார்த்தேன். நல்லெண்ணெய் நிறத்தில் தெளிவான நீர் வந்தது. மூட்டு கெடவில்லை. உறை மட்டும்தான். அந்தத் தெளிவைப் பார்த்ததும் என் தைரியம் திரும்பி வந்தது. குளம்பு போகாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அந்த வாக்கில் பாதி என் திறமையை நம்பிக் கொடுத்தது. மீதிப் பாதி குற்ற உணர்ச்சி.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு ஆண்கள் இரண்டு பேர் கயிறு பிடிக்க, வைக்கோல் பரப்பிப் பசுவைச் சாய்த்தோம். சைக்கிள் டியூபால் காலை இறுகக் கட்டி, கட்டுக்குக் கீழே ரத்தக்குழாயில் மரப்பு மருந்தை ஏற்றினேன். பின்பக்கம் தொங்கும் இரண்டு குட்டிக் குளம்புகளுக்கு மேலே உறையைத் திறந்ததும் மோர் மோராகச் சீழ் கொட்டியது. மேலே ஒரு வாய், கீழே அடிப்பாதத்தில் ஒரு வாய். நடுவில் குளுக்கோஸ் ஏற்றும் குழாயில் ஒரு துண்டை வெட்டி, ஓட்டை போட்டுக் கோத்துவிட்டேன். மேலிருந்து உப்பு நீர் விட்டால் கீழே வர வேண்டும். பாட்டில் பாட்டிலாக விட்டேன். தெளிவாக வரும்வரை விட்டேன்.

அடுத்தது நோகிற குளம்பைத் தரையில் படாமல் காப்பது. அதற்குப் பக்கத்திலிருக்கும் நல்ல குளம்பின் அடியில் ஒரு மரக்கட்டையை ஒட்ட வேண்டும். செருப்பு போட்ட குளம்பு பாரத்தைத் தாங்கும், மற்றது அந்தரத்தில் ஓய்வெடுக்கும். கட்டைக்கு வேங்கிக்காலில் புது வீட்டுக்கு வாசக்கால் செய்துகொண்டிருந்த தச்சரிடம் போனேன். வாசக்கால் மரத்தைக் காலில் கட்டுவதாவது என்று முதலில் முறைத்தார். பசுவின் காலுக்கு என்றதும் நல்ல வேங்கைத் துண்டாகப் பார்த்து இழைத்துக் கொடுத்தார். பசை, பல்செட் செய்கிறவரிடம் கேட்டு வாங்கியது. இதெல்லாம் எந்த அலமாரியிலும் தயாராக இருக்காது. அலைந்து சேர்ப்பதும் வைத்தியத்தில் சேர்த்திதான்.

அன்றிலிருந்து தினமும் வேலைக்குப் போகும் முன் அடி அண்ணாமலைக்குப் போனேன். அக்கா உப்பு நீர் பாட்டிலை உயரத் தூக்கிப் பிடிப்பாள், நான் கழுவுவேன். ஊசி மருந்து பாலிலும் இறங்கும், கறந்ததை யாரும் குடிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். தென்னை மரத்தடியில் கொட்டிவிடுவாள். முன்போல என்னிடம் வீட்டுக் கதைகள் சொன்னாள், கேலி செய்தாள். நான் திட்டியதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. இன்றைக்குச் சொல்லிவிடலாம், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் போவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு திரும்பி வருவேன்.

ஒன்பதாம் நாள் வீக்கம் மறுபடியும் ஏறியது, காய்ச்சல் வந்தது. அன்று எனக்கு நிஜமாகவே பயம். குளம்பை எடுத்துவிடுவதாகச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். திரும்பவும் மரக்க வைத்து, உறையை இன்னும் கொஞ்சம் திறந்து பார்த்தேன். நாணில் ஒரு பகுதி செத்துப்போய், ஊறிய கயிறு மாதிரி பச்சையாகக் கிடந்தது. செத்தது உள்ளே இருக்கும்வரை எத்தனை கழுவினாலும் ஆறாது. ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி உருவி எடுத்தேன். அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இத்தினியூண்டுதான் இவ்ளோ ஆட்டம் காட்டிச்சா" என்றாள். இரண்டாம் நாள் பசு தானாக வைக்கோலைக் கடித்தது. அதற்குப் பிறகு ஒருநாளும் பின்வாங்கவில்லை.

அடுத்த பௌர்ணமிக்குப் பசு வீட்டிலேயே இருந்தது. கொட்டகை பாதைக்குப் பக்கம் என்பதால் ஜனங்கள் எட்டிப் பார்த்து, கட்டுப் போட்ட காலைக் கண்டு உருகி, கட்டின்மேல் விபூதி பூச வந்தார்கள். மாட்டுக்கு உடம்பு சரியில்லை, எதுவும் கொடுக்காதீர்கள் என்று அக்கா ஒரு பலகையில் எழுதி வைத்தாள். காலையில் நான் போனபோது அந்தப் பலகைக்குக் கற்பூரம் ஏற்றி, வாழைப்பழம் வைத்திருந்தார்கள்.

ஆறாவது வாரம் மரக்கட்டையை எடுத்தேன். மூன்றாவது மாதம் நொண்டல் போயிற்று. ஒரே ஒரு அடையாளம் தங்கிவிட்டது. கீழே இழுத்துப் பிடிக்கும் நாண் இல்லாததால் வெளிக்குளம்பின் நுனி கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. குளம்பு முழுசாக இருந்தது. ஆனால் உற்றுப் பார்க்கிறவன் கண்டுபிடித்துவிடுவான்.

முதல் அழைப்பு வேங்கிக்காலில் ஒரு மாடி வீட்டிலிருந்து வந்தது. அந்த வீட்டுக்காரர் எங்களுக்கும் தெரிந்தவர் என்பதால் நானும் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். வாசலில் பசு அலங்காரத்தோடு நின்றது. வீட்டுப் பெரியவர் ஒருமுறை சுற்றி வந்து, வலது பின்னங்காலுக்கு நேராக நின்றுவிட்டார். ஏன் இந்தக் குளம்பு மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று கேட்டார்.

"வலது காலு இல்லீங்களா ஐயா, எடுத்து வெச்சி உள்ள வரணும்ல. அதான் ரெடியா தூக்கி வெச்சிருக்கு" என்றாள் அக்கா.

பெரியவர் சிரித்துவிட்டார். பசு உள்ளே போனது, கன்று போனது, கயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்கா போனாள். ஹாலின் நடுவில் நின்று தலையைத் தூக்கிச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். பின்னால் நின்ற எனக்குக் கண் கலங்கியது.

சடங்கு முடிந்து பசுவைப் பந்தலுக்குப் பின்னால் கட்டியிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். சமையலறை ஜன்னல் சின்னது, புகை போகாது என்றாள். இனிமேலும் மறைத்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. முதல் நாள் நான் காலைத் தூக்கிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது, உங்களைத் திட்டியது அநியாயம், தப்பு என்னுடையது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கன்றின் கழுத்துக் கயிற்றைத் தளர்த்திக்கொண்டே சொன்னாள். "அது அன்னிக்கே தெரியும் டாக்டரம்மா. நீங்க போனப்புறம் பாத்தேன். குளம்புல வெச்ச சந்தனம் குங்குமம் வெச்ச மாதிரியே இருந்துச்சு. கையே படல."

"அப்புறம் ஏன்க்கா அத்தன பேர் முன்னாடி திட்டு வாங்கினீங்க?"

"நானும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீங்க கோவிச்சுகினு போயிருப்பீங்க. வேற யாரயாவது அனுப்பியிருப்பீங்க, அவங்க குளம்ப எடுத்துட்டுப் போயிருப்பாங்க. சொல்லாம வுட்டதாலதான தெனமும் வந்தீங்க?"

மாட்டின் காலைப் பார்த்தே எல்லாம் சொல்லிவிடுகிறவளை ஒருத்தி முதல் நாளிலிருந்தே அளந்து வைத்திருக்கிறாள். பந்தலில் இலை போட்டுவிட்டார்கள், என் கணவர் தூரத்திலிருந்து கைகாட்டிக் கூப்பிட்டார். நான் நகரப் பார்த்தேன்.

"எங்க போறீங்க? இப்பவாவது தூக்கிப் பாத்துட்டுப் போங்க" என்றாள் அக்கா. "குங்குமம் கலஞ்சா கலையட்டும்."

பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தேன்.